கடைசிப் புள்ளியைப் பாருங்கள்: மெயிலில் வரும் மோசடி பைல்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அலுவலக வேலையை முடித்துவிட்டு என் சொந்த மெயிலைப் பார்த்துக் கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் இருக்கும் பெரியப்பாவிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. தலைப்பு, "கிரகப்பிரவேசப் பத்திரிகை". இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் புது வீட்டுக்குக் குடிபோனபோது, பத்திரிகையைப் பார்த்துத் தரச் சொல்லி எனக்கு எழுதியிருந்தார். நானும் பதில் போட்டிருந்தேன். அந்தப் பழைய மெயிலுக்குத்தான் இப்போது மறுபடி பதில் வந்திருந்தது. நாங்கள் அன்று எழுதிக் கொண்டதெல்லாம் கீழே அப்படியே இருந்தது. மேலே மட்டும் புதிதாக ஆங்கிலத்தில் ஒரு வரி. இணைத்திருப்பதைப் பார்க்கவும், பாஸ்வேர்ட் 4471. அதன் அடியில் பிடிஎப் படம் போட்ட ஒரு சின்னக் கட்டம்.

மவுஸை அதன் மேல் கொண்டுபோய்விட்டேன். பொறியியல் படித்துவிட்டு ஆறு ஆண்டுகளாக சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் என்னை அப்போது தடுத்தது அந்தப் படிப்பு இல்லை. பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மெயிலாக இருந்தாலும் "அன்புள்ள தம்பிக்கு, நலம். நலமறிய ஆவல்" என்றுதான் தொடங்குவார். பத்திரிகையில் நான் ஒரு ஒற்றை விட்டுவிட்டேன் என்று அப்போது பெரிய பாடமே எடுத்தவர். அவர் ஒரே வரியில், அதுவும் ஆங்கிலத்தில், பாஸ்வேர்ட் வைத்து எனக்கு என்ன அனுப்பப் போகிறார்?

போன் செய்தேன்.

"பெரியப்பா, இப்ப எனக்கு ஏதாவது மெயில் அனுப்பினீங்களா?"

"நானா? இல்லையேப்பா. சாப்பிட்டுட்டு டிவி பார்த்துக்கிட்டு இருக்கேன். ஏன்?"

மெதுவாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. இரண்டு நாள் முன்பு அவருக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. பென்ஷன் நிலுவைத் தொகை வந்திருக்கிறது, விவரம் இணைப்பில், மூன்று நாளில் சரிபார்க்காவிட்டால் தொகை திரும்பிப் போய்விடும் என்று எழுதியிருக்கிறார்கள். பெரியப்பா திறந்திருக்கிறார். "திறந்தேன், ஒண்ணும் வரலை. கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னு நினைச்சு மூணு தடவை கிளிக் பண்ணினேன்" என்றார். உண்மையில் முதல் கிளிக்கிலேயே வேலை முடிந்துவிட்டது. அவர் பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்ட்களும், மெயில் கணக்கு எப்போதும் திறந்தே இருப்பதற்காகப் பிரவுசர் வைத்திருக்கும் அடையாளமும் வேறு எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டன. அதைக் கொண்டு அவருடைய மெயில் பெட்டிக்குள் நுழைந்தவர்கள், பழைய மெயில்களைத் தேடிப் பிடித்து, அவற்றுக்குப் பதில் போடுவதுபோல் நாற்பது பேருக்கு அதே பைலை அனுப்பியிருந்தார்கள். அந்த நாற்பது பேரில் நானும் ஒருவன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் "தெரியாதவர்களிடமிருந்து வரும் மெயிலைத் திறக்காதீர்கள்" என்ற அறிவுரையைக் கேட்டிருப்பீர்கள். அது போதாது என்பதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். எனக்கு வந்தது தெரிந்தவரிடமிருந்து, அவருடைய உண்மையான முகவரியிலிருந்து வந்த மெயில். பழைய மெயில்களைத் திருடி அவற்றுக்குப் பதில் போடும் இந்த முறை ஒன்றும் புதிதல்ல. இமோடெட் என்ற வைரஸ் கும்பல் இதை உலகம் முழுவதும் செய்தது. பல நாட்டுப் போலீசார் சேர்ந்து 2021 ஜனவரியில் அதன் சர்வர்களை முடக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அது மீண்டும் தலைகாட்டியது. எனவே யார் அனுப்பியது என்பதோடு நிறுத்தாமல், வந்திருக்கும் பைல் என்ன வகை என்பதையும் பார்க்கப் பழக வேண்டும்.

பைலுக்கும் இனிஷியல் உண்டு

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். மெயில் வந்து இன்பாக்ஸில் கிடப்பதால் பொதுவாக ஒன்றும் ஆகாது. உங்கள் விண்டோஸும் பிரவுசரும் அவ்வப்போது அப்டேட் செய்யப்பட்டிருந்தால், மெயிலைத் திறந்து எழுத்துகளைப் படிப்பதாலும் ஒன்றும் ஆகாது. கெடுதல் செய்வது ஒரு புரோகிராம். அது ஓட வேண்டுமானால் யாராவது அதை ஓட விட வேண்டும். அந்த ஒரு கிளிக்கை உங்கள் கையாலேயே செய்ய வைப்பதற்குத்தான் இத்தனை நாடகமும்.

சரி, ஒரு பைல் வெறும் படமா, கடிதமா, அல்லது ஓடக்கூடிய புரோகிராமா என்று எப்படித் தெரியும்? நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவோம். பைலுக்கு அது பின்னால் வரும். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி, அதற்குப் பிறகு மூன்று அல்லது நான்கு எழுத்து. இதற்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். ஜேபிஜி என்றால் போட்டோ. டிஎக்ஸ்டி என்றால் சாதாரண எழுத்து. பிடிஎப் என்பது உங்களுக்கே தெரியும். இஎக்ஸ்இ என்றால் புரோகிராம். இருமுறை கிளிக் செய்தவுடன் விண்டோஸ் பார்ப்பது இந்தக் கடைசிப் புள்ளிக்குப் பிறகு இருப்பதை மட்டும்தான். அதற்கு முன்னால் எத்தனை புள்ளி இருந்தாலும், என்ன எழுதியிருந்தாலும் விண்டோஸுக்கு அது வெறும் பெயர்.

இதில் ஒரு கோளாறு இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை விண்டோஸ் மறைத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் வாங்கியபோது இப்படித்தான் செட் செய்யப்பட்டு வரும். பெரியப்பாவுக்கு வந்த பைலின் முழுப் பெயர் "பென்ஷன் அரியர்ஸ்.பிடிஎப்.இஎக்ஸ்இ". விண்டோஸ் கடைசித் துண்டை மறைத்துவிட்டது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது "பென்ஷன் அரியர்ஸ்.பிடிஎப்". கூடவே பிடிஎப்பின் சிவப்புப் படம். இந்தப் படத்தையும் நம்பக் கூடாது. ஒரு புரோகிராமை எழுதுபவர் அதற்கு எந்தப் படத்தை வேண்டுமானாலும் ஒட்டலாம். நான் எழுதும் புரோகிராமுக்குப் பிள்ளையார் படம் வைத்தால் பிள்ளையார் படம்தான் தெரியும்.

இருபத்தைந்து வருடப் பழைய தந்திரம்

இந்த இரட்டை இனிஷியல் வித்தையை உலகமே தெரிந்து கொண்டது 2000ஆம் ஆண்டு மே 4 அன்று. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலிருந்து கிளம்பிய ஒரு மெயில். தலைப்பு, "ஐ லவ் யூ". உள்ளே, நான் அனுப்பியிருக்கும் காதல் கடிதத்தைத் தயவுசெய்து பாருங்கள் என்று ஒரு வரி. இணைப்பின் பெயர் "லவ் லெட்டர் பார் யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்". கடைசி மூன்று எழுத்து மறைந்துவிட, வெறும் எழுத்துப் பைல் போலத் தெரிந்தது. விபிஎஸ் என்பது விண்டோஸ் தானே படித்து நிறைவேற்றும் கட்டளைத் தொகுப்பு. கிளிக் செய்தவருடைய அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அது தன்னைத் தானே அனுப்பிக் கொண்டது. கம்ப்யூட்டரில் இருந்த ஜேபிஜி போட்டோக்களை அழித்து அவற்றின் இடத்தில் தன் நகலை வைத்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றமும் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனும் தங்கள் மெயில் வசதியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. அப்போது பிலிப்பைன்ஸில் இதற்கென்று சட்டமே இல்லை. அதனால் சந்தேகப்பட்டவர் மீதான வழக்கு நிற்கவில்லை. அடுத்த மாதம்தான் சட்டம் கொண்டு வந்தார்கள்.

அந்தக் காதல் கடிதம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில்கூடச் சேரவில்லை. அதன் தந்திரம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மறைந்திருக்கும் எக்ஸ்டென்ஷனைத் தெரிய வைப்பது ஒரு நிமிட வேலைதான். விண்டோஸே இதை முதலிலிருந்து தெரியும்படி வைத்து அனுப்பியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

இப்போதே செய்து விடுங்கள். கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு இ என்ற எழுத்தைத் தட்டுங்கள். பைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். விண்டோஸ் 11 என்றால் மேலே வியூ என்பதைக் கிளிக் செய்து, விரியும் மெனுவின் கடைசியில் ஷோ என்பதில் கர்சரை வையுங்கள். பக்கவாட்டில் இன்னொரு மெனு வரும். அதில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைக் கிளிக் செய்தால் டிக் அடையாளம் விழும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு வியூ டேபைக் கிளிக் செய்தவுடனேயே இந்தக் கட்டம் தெரியும். (விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துவிட்டது. முடிந்தால் 11க்கு மாறுவது நல்லது.) இனி எந்தப் பைலும் தன் முழுப் பெயரோடுதான் உங்கள் முன் வரும்.

மெயிலில் வந்த பைலின் கடைசித் துண்டு இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, எஸ்சிஆர், பேட், சிஎம்டி, ஜேஎஸ், விபிஎஸ் என்று இருந்தால் அது ஓடக்கூடிய சரக்கு. வீட்டு உபயோகத்திற்குக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இவற்றை மெயிலில் அனுப்ப யாருக்கும் நியாயமான காரணம் இல்லை. யோசிக்காமல் அழித்துவிடலாம். ஐஎஸ்ஓ என்பது ஒரு சிடியையே ஒரு பைலாகச் சுருட்டி வைத்தது. அதற்குள் மேலே சொன்ன ஏதாவது ஒன்று ஒளிந்திருக்கலாம்.

எல்என்கே என்ற ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது ஷார்ட்கட். உங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கிறதே, அதே வகை. எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொன்ன பிறகும் விண்டோஸ் இதை மட்டும் காட்டாது. ஆனால் படத்தின் இடது கீழ் மூலையில் ஒரு சிறு வளைந்த அம்புக்குறி இருக்கும். ஒரு பில்லோ ரசீதோ ஷார்ட்கட்டாக வர வேண்டிய தேவையே இல்லை. அம்புக்குறியைப் பார்த்தால் விலகிவிடுங்கள். எக்ஸ்ப்ளோரரில் வியூ, டீடெயில்ஸ் என்று வைத்துக் கொண்டால் டைப் என்ற காலத்திலும் இது தெரிந்துவிடும். புரோகிராமுக்கு நேரே அப்ளிகேஷன் என்றும், இதற்கு நேரே ஷார்ட்கட் என்றும் இருக்கும்.

வேர்ட் பைல் பாதுகாப்பானதா?

வேர்ட், எக்செல் பைல்கள் வெறும் ஆவணம்தானே என்று நினைப்போம். அவற்றுக்குள்ளும் மேக்ரோ என்ற குட்டி புரோகிராமை வைக்க முடியும். 1999 மார்ச்சில் பரவிய மெலிசா வைரஸ் ஒரு வேர்ட் பைல்தான். திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னை அனுப்பிக் கொண்டது.

பிற்பாடு மேக்ரோ ஓடுவதற்கு முன் அனுமதி கேட்கும் பழக்கம் வந்தது. உடனே மோசடிக்காரர்கள் அந்த அனுமதியை உங்களிடமே வாங்க ஆரம்பித்தார்கள். பைலைத் திறந்தால் மங்கலான ஒரு படம். "இது புதிய வெர்ஷனில் தயாரானது. படிக்க மேலே எனேபிள் எடிட்டிங், பிறகு எனேபிள் கன்டென்ட் கிளிக் செய்யவும்" என்று மைக்ரோசாப்ட் சொல்வதுபோலவே எழுதியிருக்கும். அதை எழுதியது மைக்ரோசாப்ட் இல்லை, அந்தப் பைலை அனுப்பியவர். ஒரு கடிதத்தைப் படிக்க எனேபிள் கன்டென்ட் ஒருபோதும் தேவையில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

2022ல் மைக்ரோசாப்ட், இன்டர்நெட்டிலிருந்து வரும் பைல்களில் மேக்ரோவை ஓடவிடாமல் தடுக்க ஆரம்பித்தது. இப்போது மஞ்சள் பட்டைக்குப் பதில் சிவப்புப் பட்டை எச்சரிக்கிறது. நல்ல காரியம். ஆனால் நம் வீடுகளில் கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஆபீஸ் 2007ம் 2010ம் இன்னும் ஓடிக் கொண்டிருக்கின்றன. அவற்றில் இந்தத் தடுப்பு இல்லை. பழைய ஆபீஸ் வைத்திருப்பவர்கள் மெயிலில் வரும் வேர்ட் பைலை ஜிமெயிலிலேயே கிளிக் செய்து பார்ப்பது மேல். டவுன்லோட் செய்யாமல் கிளிக் மட்டும் செய்தால், பைலின் தோற்றத்தை கூகுள் தன் இடத்தில் தயாரித்து உங்களுக்குக் காட்டுகிறது. மேக்ரோ உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது.

பூட்டின் பக்கத்திலேயே சாவி

பெரியப்பா மெயிலில் ஏன் பாஸ்வேர்ட் இருந்தது என்று கேட்கலாம். ஜிப் பைலைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று மெயில் நிறுவனத்தின் வைரஸ் சோதனையால் திறந்து பார்க்க முடியாது. பூட்டியது உங்கள் பாதுகாப்புக்காக இல்லை. காவல்காரன் கண்ணில் படாமல் இருக்கத்தான்.

பாஸ்வேர்ட் போட்ட பைல் எல்லாமே மோசடி என்று சொல்ல வரவில்லை. வங்கிகள் மாதாமாதம் அனுப்பும் ஸ்டேட்மென்ட் பிடிஎப்பும் பூட்டியேதான் வரும். வருமான வரித் துறை அனுப்பும் 143(1) அறிவிப்புக்கு உங்கள் பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான் பாஸ்வேர்ட். வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? அங்கே சாவி உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. அதை எப்படிச் சேர்ப்பது என்று மட்டும் சொல்வார்கள். மோசடி மெயிலில் 4471 என்று சாவியைப் பூட்டின் பக்கத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். எவர் கையில் மெயில் கிடைத்தாலும் திறக்கலாம் என்றால் பூட்டுவானேன்?

இன்னொரு விஷயம். ஜிமெயில், இஎக்ஸ்இ போன்ற பைல்களை இணைப்பாக ஏற்பதே இல்லை. ஜிப்புக்குள் வைத்து அனுப்பினாலும் திருப்பிவிடும். அதனால் பெரியப்பாவுக்கு வந்த மெயிலில் இணைப்பே கிடையாது. இணைப்புப் போலத் தோன்றும் ஒரு படம்தான் இருந்தது. அதைக் கிளிக் செய்தால் வேறு ஏதோ தளத்திலிருந்து ஜிப் பைல் இறங்கும். எனக்கு வந்ததிலும் அதே கட்டம்தான். கிளிக் செய்யாமல் கர்சரை மட்டும் அதன் மேல் வைத்தபோது, பிரவுசரின் இடது கீழ் மூலையில் கேள்விப்படாத ஒரு தளத்தின் முகவரி தெரிந்தது. கம்ப்யூட்டரில் பார்க்கும்போது இந்த மூலையைப் பார்க்கும் பழக்கம் மிகவும் உதவும். மொபைலில் இந்த வசதி இல்லை. அங்கே அந்தக் கட்டத்தை அழுத்திப் பிடித்தால்தான் முகவரி தெரியும்.

எச்டிஎம்எல் என்று முடியும் இணைப்பு வந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. அதைத் திறந்தால் பிரவுசரில் மெயில் லாகின் பக்கம் போல ஒன்று வரும். உங்கள் முகவரி ஏற்கனவே நிரப்பப்பட்டிருக்கும், பாஸ்வேர்டை மட்டும் கேட்கும். மேலே முகவரிக் கட்டத்தைப் பார்த்தால், இணையதளத்தின் பெயருக்குப் பதில் உங்கள் கம்ப்யூட்டரின் சி டிரைவ் பாதை இருக்கும். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் ஒரு பக்கம் உங்கள் மெயில் பாஸ்வேர்டை எதற்குக் கேட்க வேண்டும்?

யார் அனுப்பியது?

பெயரை நம்பாதீர்கள், முகவரியைப் பாருங்கள். மெயில் கணக்கு தொடங்கும்போது பெயர் என்ற இடத்தில் யாரும் எதையும் எழுதலாம். "வருமான வரித் துறை" என்றுகூட எழுதலாம். ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே ஒரு சிறு முக்கோணம் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் முழு முகவரி விரியும். அதை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். கவ் டாட் இன் என்று முடிந்தால் அரசுத் தளத்தின் முகவரி. அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. அதே எழுத்துகள் நடுவில் வந்து, கடைசியில் டாட் காம் என்றோ வேறு ஏதாவதோ முடிந்தால் அதற்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை. முகவரி சரியாக இருந்துவிட்டால் மட்டும் மெயில் நல்லது என்று ஆகிவிடாது என்பதைப் பெரியப்பா கதையிலேயே பார்த்தோம்.

ஆங்கிலப் பிழைகள் இருந்தால் மோசடி என்று முன்பெல்லாம் சொல்வார்கள். இன்றைக்கு ஏஐ உதவியோடு பிழையில்லாமல், ஏன் தமிழிலும்கூட, எழுதி அனுப்ப முடிகிறது. அந்த அடையாளத்தை இனி நம்ப வேண்டாம். அவசரம் மட்டும் இன்னும் மாறவில்லை. மூன்று நாளில் தொகை திரும்பிவிடும், இன்று இரவுக்குள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், பார்சல் திருப்பி அனுப்பப்படும். யோசிக்க நேரம் தரக் கூடாது என்பதுதான் நோக்கம்.

இதே வித்தை மொபைலுக்கும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரில் ஏபிகே பைல்கள் சுற்றுகின்றன. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனுக்கான இஎக்ஸ்இ. பத்திரிகை படமாக வரலாம், பிடிஎப்பாக வரலாம், வீடியோவாகவும் வரலாம். இன்ஸ்டால் செய்யச் சொல்லும் பத்திரிகை எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் இல்லை.

சந்தேகம் வந்தால் அனுப்பியவருக்குப் போன் செய்யுங்கள். அந்த மெயிலுக்கே பதில் எழுதிக் கேட்டால் பயனில்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவர் "ஆமாம், நான்தான்" என்று பதில் தருவார். மெயிலில் கொடுத்திருக்கும் போன் நம்பரும் வேண்டாம். உங்களிடம் ஏற்கனவே இருக்கும் நம்பர்தான். வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் பைலைக் கொடுத்தால் பல ஆண்டி வைரஸ் புரோகிராம்கள் அதைச் சோதித்துச் சொல்லும். ஆனால் அங்கே கொடுத்த பைலைப் பாதுகாப்பு நிறுவனங்கள் பார்க்க முடியும். உங்கள் சொந்த ஆவணங்களை அதில் ஏற்றாதீர்கள். எல்லாம் பச்சையாக வந்துவிட்டால் நல்ல பைல் என்றும் அர்த்தமில்லை. இன்று காலை எழுதிய வைரஸ் இன்று மாலை வரை யாருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

திறந்துவிட்டால்?

முதலில் வைஃபையை நிறுத்துங்கள், அல்லது நெட் கேபிளைப் பிடுங்குங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வங்கித் தளத்தையோ மெயிலையோ திறக்க வேண்டாம். நாங்கள் பெரியப்பா வீட்டில் பெரியம்மாவின் மொபைலைப் பயன்படுத்தினோம். முதலில் மாற்ற வேண்டியது மெயில் பாஸ்வேர்ட். மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க்கும் மெயிலுக்குத்தானே வரும்? பிறகு அந்த மெயில் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், தெரியாத எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் செய்துவிட வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு, திருடியவர் உள்ளேயே இருக்கும்படி விட்டுவிடக் கூடாது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் பில்டர்ஸ், பார்வர்டிங் பகுதிகளையும் பாருங்கள். பெரியப்பா கணக்கில், வரும் பதில்களையெல்லாம் நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஒரு பில்டரை வைத்திருந்தார்கள். "இது என்ன மெயில்?" என்று நண்பர்கள் கேட்டு எழுதியது எதுவும் அதனால்தான் அவர் கண்ணில் படவில்லை.

அடுத்து கம்ப்யூட்டர். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்று போனால் ஆப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கும். அது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் ஆகும். நான் அதோடு திருப்தி அடையாமல், அடுத்த வாரம் ஊருக்குப் போய் விண்டோஸையே புதிதாகப் போட்டேன். போட்டோக்கள் தனி ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததால் தைரியமாகச் செய்ய முடிந்தது. அந்த டிஸ்க் வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைக்கப்படுகிறது. செருகியபடியே இருந்தால், பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திராமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு, பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பெரியப்பா கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் வைத்திருக்கவில்லை. பணம் தப்பியது.

ஆனால் அவர் வருத்தப்பட்டது வேறொன்றுக்கு. அந்த நாற்பது பேரில் அவரோடு இருபது வருடம் வேலை பார்த்த ஒரு கணக்கு வாத்தியார், "ஐயா அனுப்பியிருக்கிறார்" என்று நம்பித் திறந்துவிட்டார். அவருடைய சமூக வலைதளக் கணக்கு வேறு யார் கைக்கோ போய், அதிலிருந்து உறவினர்களிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். அதை மீட்க மூன்று வாரம் ஆனது. "என் பேரைப் பார்த்துத்தானேப்பா திறந்தார்" என்று பெரியப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு மாதம் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

உங்கள் கணக்கிலிருந்து மெயில் போயிருந்தால், போன எல்லோருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். வெட்கப்பட்டுத் தாமதித்தால் அடுத்தவர் கிளிக் செய்துவிடுவார். அன்று இரவே பெரியப்பா நாற்பது பேருக்கும் தனித்தனியாக எழுதினார். பெரியம்மாவின் மொபைலில், ஒற்றை விரலால், நள்ளிரவு தாண்டி. "அன்புள்ள நண்பர்க்கு, நலம். நலமறிய ஆவல். என் பெயரில் ஆங்கிலத்தில் வந்த மடலை நான் எழுதவில்லை. அதைத் தொட வேண்டாம்." எழுதியது அவர்தானா என்று யாரும் போன் செய்து கேட்கவில்லை.